வக்கீல் சிதம்பரம் பிள்ளையும் அவர் வீட்டுத் துயரமும்



பொன்விழா மலருக்கு மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டுமென்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றி எழுதப் போகிறோம் என்று நாம் சொன்னதும், குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் சற்றே தயங்கி, அவர் சைவராயிற்றே சாமி, நம்மவர்களிலேயே மாயூரம் வேதநாயகம் பிள்ளை இல்லையா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். வேதநாயகம் பிள்ளை நல்ல கத்தோலிக்கர், முன்சீப் பதவியில் இருந்தவர், 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழில் நாவலுக்கு வழி திறந்தவர். அவரைப் பற்றி இன்னொரு மலரில் எழுதுவோம். இந்த முறை சிதம்பரம் பிள்ளையை எடுத்துக்கொண்டதற்கு நமக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, முப்பது வயதுகூட நிரம்பாத வழக்கறிஞர் ஒருவர் இரவு நேரத்தில் பங்கு இல்லத்துக்கு வந்தார். பல வாரங்களாகத் தூக்கமில்லை என்றார். காலையில் கறுப்புக் கோட்டைக் கையில் எடுக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, நீதிமன்றப் படியில் கால் வைக்கக் கூசுகிறது என்றார். தாம் வாய்தா வாங்கத் தவறியதால் ஒரு கட்சிக்காரரின் வீடு கைவிட்டுப் போய்விட்டது என்றும், அந்தக் குடும்பத்தின் முகம் கண்ணை விட்டு அகலவில்லை என்றும் சொல்லி அழுதார். நாம் அவர் தலைமேல் கை வைத்து மன்றாடினோம். தினமும் செபமாலை சொல்லும்படி கூறி அனுப்பினோம். மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்படி சொல்ல நமக்குத் தோன்றவில்லை. ஓராண்டுக்குள் அவர் தொழிலை விட்டார், ஊரையும் விட்டார். இப்போது சிகிச்சை பெற்று நலமாயிருக்கிறார் என்று கேள்விப்படுகிறோம். அந்த நலத்தில் நம்முடைய பங்கு ஒன்றுமில்லை.

அதன்பின்தான் நாம் சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படித்தோம். கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவரை அறிவார்கள். அவர் ஒரு வக்கீல் என்பதையும், அவருடைய வீட்டுக்குள் ஒருவர் சித்தம் கலங்கிக் கிடந்தார் என்பதையும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை பெயர்பெற்ற வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். சிறுவயதில் தூத்துக்குடிக்கு வந்து, நம் சவேரியார் பள்ளியிலும் பிறகு கால்டுவெல் பள்ளியிலும் படித்தார். நம் பங்கில் பலர் பயின்ற பள்ளி என்பதால் இதைக் குறிப்பிடுகிறோமே தவிர, அவரை நம்மவராக்கிக் கொள்ளும் எண்ணம் நமக்கில்லை. தாலுகா அலுவலகத்தில் சில காலம் குமாஸ்தாவாக இருந்தபின், தந்தையின் விருப்பப்படி திருச்சிக்குச் சென்று சட்டம் படித்து, 1895 முதல் ஓட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் நடத்தினார்.

தந்தையிடம் செல்வர்கள் வந்தார்கள். மகனிடம் ஏழைகள் வந்தார்கள். சில வழக்குகளில் தந்தையும் மகனும் எதிரெதிர்த் தரப்பில் நின்றதும் உண்டு. குற்றவியல் வழக்குகளில் போலீசார் சோடித்துக் கொண்டுவந்தவற்றை அவர் நீதிமன்றத்தில் உடைத்துக் காட்டினார். கைக்கூலி வாங்கிய சப்-மாஜிஸ்திரேட்டுகள் மூவரின் குற்றத்தை வெளிப்படுத்தினார். சிறிய ஊரில் இப்படித் தொழில் செய்கிறவனுக்கு அதிகாரிகளின் பகை தானே வந்து சேரும். மகனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சிய தந்தை, 1900-இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்கிறோம். நம் பங்கில் வழக்கறிஞர் குடும்பங்கள் பல உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வக்கீல் என்றால் வாய்த்துணையும் வருமானமும் உள்ளவர். உள்ளே இருப்பது வேறு. ஒவ்வொரு நாளும் இன்னொருவரின் சண்டையைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டு போக வேண்டும். ஜெயித்தால் கட்சிக்காரரின் நியாயம் ஜெயித்தது. தோற்றால் வக்கீல் சரியில்லை. ஜூனியர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு மாத முடிவில் கையில் கிடைப்பது பஸ் கட்டணத்துக்கும் காணாது. இதையெல்லாம் வெளியே சொன்னால் கேஸ் வராது என்ற பயம் வேறு. 2016-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,800 வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 28 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 19 பேரிடம் மனப்பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. ஐவரில் ஒருவர் குடியால் சிக்கலில் இருந்தார். அது தூர தேசத்துக் கணக்குதான். ஆனால் பங்கு இல்லத்துக் கதவை இரவில் தட்டுகிறவர்களை அறிந்த நமக்கு அது வியப்பைத் தரவில்லை.

சிதம்பரம் பிள்ளையின் தூத்துக்குடி வாழ்க்கையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாம் விரைவாகச் சொல்லிச் செல்கிறோம். 1901-இல் முதல் மனைவி வள்ளியம்மை காலமானார். பின்னர் மீனாட்சி அம்மாளை மணந்தார். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடிய கப்பல்களெல்லாம் ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்த காலம் அது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907-இல் நம் கரைக்கு வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், மேற்கொண்டு ஒரு குடையும் தருவதாகவும் ஆசை காட்டியது. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். ஒன்பது நாளில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அந்த மில்லில் உழைத்த நம் முன்னோர் ஞாயிறு பூசைக்கு நிம்மதியாக வந்தார்கள் என்றால் அதில் இந்தச் சைவ வக்கீலுக்கும் பங்குண்டு.

மார்ச் 12-ஆம் நாள் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் நகரமே கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜாமீனில் வெளியே வர வழி இருந்தும், உடன் கைதான நண்பர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் வருவதில்லை என்று சிறையிலேயே இருந்துவிட்டார். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதாண்டு நாடுகடத்தல். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறுகூட நிறையவில்லை. பல ஆண்டுகள் எந்த நீதிமன்றத்தின் சட்டத்தை நம்பி வாதாடி வந்தாரோ, அதே சட்டத்தின் கீழ் அவர் கூண்டில் நின்று அதைக் கேட்டார்.

தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது; முறிந்து போனவர் வேறொருவர். அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் புத்தி பேதலித்துப் போனார். அதன்பின் அவர் தெளியவே இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அண்ணன் சிறையில், தம்பி இந்த நிலையில், மேல்முறையீட்டுக்குப் பணம் திரட்ட வேண்டிய பொறுப்பு வீட்டுப் பெண்கள் மேலும் உறவினர் மேலும் விழுந்தது. மீனாட்சி அம்மாள் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைச் சுமந்தார். இந்த அம்மாளுக்கு நம் ஊரில் எவரேனும் சிலை வைத்தாலும் தகும் என்பது நம் தாழ்மையான எண்ணம்.

உயர்நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் அதை மேலும் குறைத்தது. ஆயினும் கோயமுத்தூர்ச் சிறையிலும் பிறகு கண்ணனூர்ச் சிறையிலும் நாலே முக்கால் ஆண்டுகள் கழிந்தன. கோயமுத்தூரில் முதலில் சணல் இயந்திரத்தில் வேலை தந்தார்கள். கைத்தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கை இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் காணலாம். நாமும் ஒரு முறை பார்த்திருக்கிறோம். மரம்தானே என்று நினைத்துப் போனோம். கிட்டே நின்றபோது அதன் கனம் கண்ணாலேயே தெரிந்தது.

அந்தச் சிறையில் அவர் தம் மனத்தை எப்படிக் காத்துக்கொண்டார்? வக்கீல் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. சக கைதிகளுக்கு மனு எழுதித் தந்தார், சட்டத்தின் நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். சிறையதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. கிடைத்த நேரத்தில் தமிழ் நூல்களில் ஆழ்ந்தார், செய்யுள் இயற்றினார். அத்துடன் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சிறு நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் முதலாவது மனம் போல வாழ்வு. ஆலன் தம் நூலின் தலைப்பை எடுத்தது நம் வேதாகமத்தின் நீதிமொழிகள் நூலிலிருந்து என்பது நம் மக்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மனிதனின் எண்ணங்களே அவன் வாழ்வை ஆக்குகின்றன, அழிக்கின்றன என்பது அந்நூலின் சாரம். பின்னர் அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் என்று இன்னும் மூன்று நூல்களைத் தமிழில் தந்தார். கடைசி நூல் வெளிவந்தது 1934-இல். கால் நூற்றாண்டுக் காலம் ஒரு மனிதர் ஒரே ஆசிரியரை விடாமல் மொழிபெயர்த்தார் என்றால், விளையாட்டுக்காகச் செய்திருக்க மாட்டார். அவருக்கு அது மருந்தாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே நம் கருத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணம் மனத்துக்கு உரம் என்பதில் நமக்கு ஐயமில்லை. மறையுரையில் நாமே அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். ஆனால் எண்ணத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சை நோயில் விழுந்தவனிடம் சொல்லும்போது, உன் நோய்க்கு நீயே காரணம் என்று அவன் காதில் விழுகிறது. மனம் போல வாழ்வு என்று எழுதிய கையே மீனாட்சிசுந்தரத்துக்குச் சோறூட்ட வேண்டியிருந்த குடும்பத்தின் கை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே தீர்ப்பு. ஒருவர் செக்கை இழுத்துக்கொண்டே நூல் எழுதினார், மற்றவர் நிலைகுலைந்தார். தம்பிக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஒருவருக்கு நீரிழிவு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை. அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை அல்லவா?

அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு இருந்த வழிகள் குறைவு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனை 1871 முதல் இருந்தது. பூட்டிய கதவுகளின் இடம் என்றே மக்கள் அதை அஞ்சினார்கள். நம் கரையோர மக்கள் அன்றும் இன்றும் உவரிக்கும் புளியம்பட்டிக்கும் அந்தோணியாரிடம் அழைத்துப் போகிறார்கள். பிற சமயத்தாரும் நம்மவரும் ஏர்வாடிக்கும் போனார்கள். அந்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். நம் கடற்கரையில் நடந்தது இது. கோவிலுக்குப் போக வேண்டாம் என்று குருவாகிய நாம் சொல்லப் போவதில்லை. நாமே உங்களோடு வருகிறோம். மருத்துவர் தந்த மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறோம். 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசி ஆலோசனை பெறலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் ஏற்படுத்திய சேவை இது. அன்றிரவு வந்த அந்த இளைஞரிடம் நாம் சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று இப்போது நமக்குத் தெரிகிறது.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், நாம் பிறப்புத் திருவிழாத் திருவிழிப்புக்கு ஆயத்தமாகும் அதே நாளில், கண்ணனூர்ச் சிறைக்கதவு அவருக்குத் திறந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆரவாரித்த மனிதரை வரவேற்க அன்று கூட்டமில்லை. நண்பர் சிலரே வந்திருந்தனர். அவர்களில் சுப்பிரமணிய சிவாவும் ஒருவர். சிறையில் பற்றிய தொழுநோய் அவர் உருவத்தையே மாற்றியிருந்ததாம். கப்பல் கம்பெனியோ அதற்கு முன்பே கலைக்கப்பட்டுவிட்டது. காலியா கப்பலை விலைக்கு வாங்கியவர்கள் எதிர்க் கம்பெனிக்காரர்களே.

அதற்குப் பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகளை நாம் செக்கைவிடக் கொடியவை என்போம். அரசு அவருடைய வக்கீல் சன்னதைப் பறித்துவிட்டது. சட்டம் ஒன்றே தெரிந்த மனிதர் சென்னையில் அரிசியும் நெய்யும் எண்ணெயும் விற்றுப் பார்த்தார், வியாபாரம் கைகொடுக்கவில்லை. பிறகு கோயமுத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவர் குடும்பத்துக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. அது வந்து சேருமா என்று 1915-இல் அவர் காந்தியடிகளுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத நேர்ந்தது. 1916-இல்தான் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. காந்தியடிகளின் பேரில் நாம் குறை சொல்லவில்லை. அவருக்கு ஆயிரம் அலுவல். ஊருக்கெல்லாம் கப்பல் வாங்கிக் கொடுத்தவர் தமக்கென்று வந்த தொகையைக் கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையே எண்ணிப் பார்க்கிறோம். தொழிலை இழந்த வழக்கறிஞர், ஓய்வு பெற்ற மாலுமி, மில் மூடியபின் வீட்டில் இருக்கும் தொழிலாளி, இவர்களின் மௌனத்தை நாம் வீடு மந்திரிக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். பேசாதிருக்கிறாரே, நல்ல பொறுமைசாலி என்று நினைத்துவிடுகிறோம்.

இருட்டில் ஒரு கதவு திறந்தது. திறந்தவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. முன்பு திருநெல்வேலியில் பணியாற்றி அவரை அறிந்திருந்த வாலஸ் துரை, சென்னையில் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது அந்தச் சன்னதைத் திரும்பப் பெற்றுத் தந்தார். தண்டனை பெற்ற ஒருவரின் தொழிலைத் திரும்பக் கொடுப்பதற்கு அந்நாளில் துணிவு வேண்டியிருந்தது. அந்த நன்றியை மறவாமல் சிதம்பரம் பிள்ளை தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயன் பெயரைச் சைவப் பெயராக்கிப் பிள்ளைக்குச் சூட்டினார் பாருங்கள்! வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவரிடம் வெள்ளையர் மேல் வெறுப்பில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீல் தொழில் தொடங்கினார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பழைய வருமானம் வரவில்லை, கடன் தீரவில்லை. எனினும் அந்த ஆண்டுகளில் அவர் செய்த தமிழ்ப் பணியைப் பார்க்கும்போது, தொழில் திரும்பியதும் மனமும் திரும்பியது என்றே நமக்குப் படுகிறது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை வரைந்தார். 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரை 1935-இல் வந்தது. இங்குள்ள முதியோர் சிலர், தங்கள் தகப்பனார் அவரை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் கண்டதுண்டு என்று நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் அவர் காலமானார். தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டதால், உயிர் பிரிந்தது அங்கேதான். 2011 முதல் நம் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இறப்பதற்கு முன் அவர் ஓர் உயில் எழுதிவைத்தார். வக்கீல் எழுதிய உயில் அல்லவா, ஒழுங்காக இருக்கிறது. பிரித்துக் கொடுக்கத்தக்க சொத்து அதில் அதிகமில்லை. ஜவுளிக் கடை, எண்ணெய்க் கடை என்று ஊரில் யார் யாருக்குத் தாம் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்பதை ஒன்றையும் விடாமல் வரிசையாகக் குறித்திருக்கிறார்.